நான்கு நாளுக்கு ஒருமுறை அறுந்த இணைப்பு

1. செவ்வாய்க்கிழமை

“அக்கா, நீங்கள் அங்கை இருந்துகொண்டே வீட்டுக் கொம்பியூட்டரைப் பாத்துத் திருத்துவியளாமே? என்ரை ரிமோட் டெஸ்க்டொப் அறுந்து அறுந்து போகுது. முந்தி எப்பவாவது ஒரு தரம்தான். இண்டைக்கு விடிஞ்சதிலையிருந்து மூண்டு தரம். இப்பிடியே போனா என்ரை வேலை போயிடும்.”

புத்தூரிலிருந்து தர்சினி இப்படித்தான் அறிமுகமானார். சாவகச்சேரியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்து எனக்கு இருபத்திரண்டு வருடமாகிறது. வேலை போய்விடும் என்று அழுதபடி வரும் போன் கோல்கள் பழகிவிட்டன. ஆனால் இந்தப் பெண் அழவில்லை. மணியைக் குறித்து வைத்திருந்தார். ஒன்பது இருபது, ஒன்பது ஐம்பத்தைந்து, பத்து நாற்பது. அறுந்தபிறகு மூன்று நிமிடத்தில் தானாகவே திரும்பி வருகிறதாம். எனக்கு உடனே ஆளைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய வேலை கட்டட வரைபடம் வரைவது. கொழும்பில் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்தவர். பிள்ளை பிறந்ததும் தாய் தகப்பனிடம் புத்தூருக்கு வந்துவிட்டார். வரையும் மென்பொருள் மிகப் பெரியது, அதை நிறுவனத்துக்கு வெளியே கொடுக்கமாட்டார்கள். ஆகவே அவருடைய கொம்பியூட்டர் கொழும்பிலேயே அவருடைய மேசையில் கிடக்கும். இவர் புத்தூர் வீட்டுக் கொம்பியூட்டரின் முன் இருந்து, ரிமோட் டெஸ்க்டொப் மூலம் அதை இயக்குவார். இவர் இங்கே மௌசை அசைத்தால் அங்கே கோடு விழும். அந்த மேசைக்கு முன்னால் யாராவது நின்றால், ஆளில்லாத கதிரைக்கு எதிரே திரையில் ஒரு வீடு தானாக வளர்வதைப் பார்க்கலாம்.

மூன்று மாதம் இப்படிச் செய்து பார்ப்போம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அதில் இன்னும் ஐந்து கிழமைதான் மிச்சம். மேலதிகாரி நிர்மலா என்பவர். அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“நான் இடையிலை எழும்பிப்போய் வீட்டுவேலை செய்யிறன், பிறகு லைன் அறுந்திட்டுது எண்டு சொல்லுறன் எண்டு நினைக்கிறா அக்கா. நேரை சொல்லேல்லை. ஆனா எனக்கு விளங்குது.”

நான் கடையில் இருந்தபடியே அவருடைய வீட்டுக் கொம்பியூட்டருக்குள் போனேன். போனில் அவர் கதைத்துக்கொண்டிருந்தார். செற்றிங்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் திரை உறைந்தது. போனில் “டிக்” என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்ன சத்தம் தங்கச்சி?”

“அது யூ.பி.எஸ் அக்கா. அது இடைக்கிடை அப்பிடித்தான் அடிக்கும். கொம்பியூட்டர் நிக்கேல்லை. ஓடிக்கொண்டுதான் இருக்குது.”

கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் கரண்டில் பிழையில்லை என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தை அதோடு விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தும் விட்டேன் என்பதை இதை வாசிக்கும், இந்தத் தொழில் பழகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

2. சரி என்று சொன்னது

மூன்று நிமிடத்தில் இணைப்பு வந்தது. மறுபடி உள்ளே போய்த் தேடியபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. மின்சாரம் சேமிப்பதற்காக நெற்வேர்க் கார்ட்டைக் கொம்பியூட்டர் தானாகவே அணைத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் சரி போட்டுக் கிடந்தது. இணைப்பு அறுவதற்கு இது ஒரு பேர்பெற்ற காரணம். அந்தச் சரியை எடுத்துவிட்டேன். ரிமோட் டெஸ்க்டொப்பின் புதிய பதிப்பையும் ஏற்றினேன்.

புதன் அறவில்லை. வியாழன் அறவில்லை. வெள்ளி அறவில்லை. திங்களும் நல்லபடி போனது. சனி ஞாயிறு அவருக்கு வேலையில்லை.

திங்கள் பின்னேரம் தர்சினி என்னைக் கேட்டுக்கொண்டதால் நிர்மலாவுக்கு நானே கோல் எடுத்தேன்.

“கொம்பியூட்டர் செற்றிங்கிலைதான் பிழை இருந்தது, மேடம். திருத்தியாச்சு. இனி அறாது” என்றேன்.

“கன்ஃபார்மா சொல்றீங்களா?”

“ஓம், கன்ஃபார்ம்தான்.”

புதன்கிழமை நான்கு தரம் அறுந்தது.

தர்சினி என்னோடு கோபிக்கவில்லை. “அக்கா, மேடம் ஒண்டும் சொல்லேல்லை. ‘ஓகே, நோட்டட்’ எண்டு மட்டும் சொன்னா” என்றார். என்னுடைய சொல்லை நம்பி அந்தப் பெண் தன் பேரைப் பணயம் வைத்திருந்தார். இப்போது அவர் சொல்வதும் பொய், அவர் பிடித்த ஆள் சொல்வதும் பொய் என்றாகிவிட்டது.

அடுத்ததாக சிக்னலைச் சந்தேகித்தேன். ரவுட்டர் அவருடைய அறை அலுமாரிக்கு மேலே இருந்தது. அதை ஹோல் யன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். சிக்னல் நன்றாகக் கூடியது. மற்ற வேலைநாள்கள் ஒழுங்காகப் போயின. அடுத்த கிழமை வியாழன் ஐந்து தரம் அறுந்தது. அதற்கடுத்த திங்களும் அறுந்தது.

நான் என்ன செய்தாலும் சில நாள் சரியாகிறது, பிறகு திரும்புகிறது. என்னுடைய கைராசி சில நாள்தான் நிற்குமோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

3. நாட்காட்டி

அந்தத் திங்கள் மத்தியானம் கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்தேன். கடையில் வேறு வேலைகள் குவிந்து கிடந்தன. ஆனால் அன்றைக்கு இதைவிட்டு எழும்ப மனம் வரவில்லை. வேலை போகப்போகிறதே என்ற பயத்துக்கு மேலே, இது என்னதான் என்று அறிகிற ஆசை ஏறிவிட்டது.

அறுந்த நாள்களைச் சிவப்புப் பேனையால் சுற்றினேன். முதல் செவ்வாய். எட்டு நாள் கழித்துப் புதன். அதற்கு எட்டு நாள் கழித்து வியாழன். அதற்கு நான்கு நாள் கழித்துத் திங்கள். கிழமைக் கணக்கில் பார்த்தால் ஓர் ஒழுங்கும் இல்லை. நாள் கணக்கில் பார்த்தால் எட்டு, எட்டு, நான்கு.

அப்போதுதான் விடுபட்ட நாள்களை எண்ணினேன். செவ்வாய்க்கும் அடுத்த புதனுக்கும் நடுவே நான்காம் நாள் சனிக்கிழமை. புதனுக்கும் அடுத்த வியாழனுக்கும் நடுவே நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளும் தர்சினிக்கு விடுமுறை. கொம்பியூட்டரைப் போட்டிருக்கவே மாட்டார். அறுந்திருந்தாலும் காண ஆளில்லை.

அதாவது நான் ஒன்றையும் திருத்தவேயில்லை. அது நான்கு நாளுக்கு ஒருமுறை தன் பாட்டில் வந்து போய்க்கொண்டிருந்தது. நான் இடையில் நின்று, எனக்குப் பயந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடனே தர்சினிக்கு கோல் எடுத்தேன்.

“தங்கச்சி, உங்கடை வீட்டிலை நாலு நாளைக்கு ஒருக்கா என்ன நடக்கும்?”

“நாலு நாளைக்கு ஒருக்காவோ? அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா.”

“ஆரும் வாறவையோ? ஏதும் மிசின் போடுறனீங்களோ? மா அரைக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது?”

“அம்மா உடுப்புக் கையாலைதான் தோய்க்கிறவ. மகனைத் தினமும்தான் முழுக வாக்கிறது. வேறை ஒண்டும் இல்லை.”

“சரி. வாற வெள்ளிக்கிழமை காலமை கட்டாயம் அறும். நான் அண்டைக்கு வீட்டை வாறன்.”

“அறும் எண்டு தெரிஞ்சுகொண்டோ வாறியள்?” என்றார்.

“அறவேணும். அறாட்டித்தான் எனக்குக் கவலை.”

4. ரவுட்டருக்கு முன்னால்

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் வெளிக்கிட்டு மீசாலையால் திரும்பி, கடல்நீரேரியைத் தாண்டிப் புத்தூருக்குப் போனேன். இந்தப் பக்கத்து வெள்ளை மணல் முடிந்து அந்தப் பக்கம் சிவப்பு மண் தொடங்குகிறது. வீட்டுக்குப் பின்னால் நீளமான வெங்காயத் தோட்டம். வறட்சிக் காலம், மழை நின்று கனநாள்.

தர்சினி அறைக்குள் இருந்து ஒரு மாடிவீட்டின் தளத்தை வரைந்துகொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. ஹோலில் ஒரு கதிரையைப் போட்டு ரவுட்டருக்கு முன்னால் இருந்துகொண்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த தாய், கொம்பியூட்டர் திருத்த வந்த பெண் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ரவுட்டரில் நான்கு விளக்குகள். சிக்னல் போனால் ஒரு விளக்கு மட்டும் நிறம் மாறும். மற்ற மூன்றும் எரியும். அதைப் பார்க்கத்தான் இருந்தேன்.

ஒன்பதரை மணியளவில் அறைக்குள் யூ.பி.எஸ் “டிக்” என்றது. அதே நொடியில் என் முன்னால் நான்கு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பிறகு முதலாவது எரிந்து, இரண்டாவது மெல்லக் கண்சிமிட்டத் தொடங்கியது.

“அக்கா, அறுந்திட்டுது!” என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போகவில்லை. ஒரு கண்ணிமைப்பு நேரம் வோல்ட்டேஜ் விழுந்திருக்கிறது. கொம்பியூட்டரை யூ.பி.எஸ் தாங்கிப் பிடித்தது. அந்த “டிக்” அது தாங்கிய சத்தம். ரவுட்டரை ஒருவரும் தாங்கவில்லை. அது விழுந்து எழும்ப மூன்று நிமிடம்.

வோல்ட்டேஜை விழுத்தியது எது?

ஹோலில் மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு வயர் யன்னல் நிலையால் வெளியே போனது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாட்டுக்கொட்டிலைத் தாண்டி, வேலியோரமாக, தோட்டத்தின் கடைசித் தொங்கலில் உள்ள கிணற்றடி வரைக்கும் போனது. அங்கே தர்சினியின் தகப்பன் சிவபாதம் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். கிணற்றுக்கட்டில் புத்தம்புது மின்மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால்தான் அதன் சத்தம் கேட்டது.

“அண்ணை, நீங்கள் எத்தினை நாளைக்கு ஒருக்கா இறைக்கிறனீங்கள்?”

“வெங்காயத்துக்கோ? நாலு நாளைக்கு ஒருக்கா. ஏன் தங்கச்சி?”

நான் மோட்டரைக் கையால் காட்டினேன்.

“ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ.”

அவர் நிறுத்தினார். இணைப்பு திரும்பி வரும்வரை காத்திருந்தோம். பிறகு போட்டார். மோட்டர் முக்கிக்கொண்டு எழும்பியது. அடுத்த மூச்சில் வீட்டுப் பக்கமிருந்து, “அக்கா, திரும்பவும் அறுந்திட்டுது!” என்று குரல் வந்தது.

“ஒரு நாளிலை ஏன் நாலைஞ்சு தரம் போடுறியள் அண்ணை? ஒரேயடியா இறைக்கேலாதோ?”

“முந்தி ஒரேயடியாத்தான். இப்ப தண்ணி கீழை போயிட்டுது. அரை மணித்தியாலம் இறைச்சா வத்தியிடும். ஊறவிட்டுத்தான் திரும்பப் போடவேணும்.”

தொடக்கத்தில் எப்போதாவது ஒரு தரம் அறுந்த இணைப்பு ஏன் வரவரக் கூடியது என்பதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, கொழும்பில் கோடு அறுவது ஏறியிருக்கிறது.

விசயத்தை விளங்கப்படுத்தியதும் சிவபாதம் அண்ணை மோட்டரை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இவ்வளவு நாளும் நானோ பிள்ளையின்ரை வேலையை அறுத்துக்கொண்டிருந்தனான்?”

“நீங்கள் இல்லை அண்ணை. ரவுட்டரின்ரை அடப்டர் பலம் காணாது.”

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. “இந்த மோட்டரைக் கழட்டிப்போட்டுப் பழைய மண்ணெண்ணெய் மிசினையே திரும்பப் போடுறன்” என்றார்.

தர்சினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்திருந்தார். “வேண்டாமப்பா! அந்தச் சத்தத்திலை இவன் நித்திரை கொள்ளமாட்டான், நானும் மீற்றிங்கிலை கதைக்கேலாது எண்டுதானே மாத்தினனீங்கள்!”

கொட்டிலுக்குள் மண்ணெண்ணெய் மிசின் சாக்கால் மூடிக் கிடந்தது. மகள் வீட்டிலிருந்து வேலை செய்யப்போகிறாள் என்றதும் அவராகவே அதை நிறுத்திவிட்டு, சத்தமில்லாத மோட்டர் வாங்கியிருக்கிறார். பழைய மிசின் என்றால் ஊருக்கே கேட்கும். அது வெடித்துத் தொடங்கும் நேரமும் இணைப்பு அறும் நேரமும் ஒன்றென்று யாராவது முதல் நாளே கண்டிருப்பார்கள். சத்தமில்லாமல் ஓடியதால்தான் இத்தனை கிழமை ஒருவருக்கும் தெரியவில்லை.

திருத்த வேலை பத்து நிமிடம் பிடித்தது. யூ.பி.எஸ்ஸின் பின்னால் ஒரு துளை சும்மா கிடந்தது. அதிலிருந்து வயர் இழுத்து ரவுட்டரைக் கொழுவினேன். அவ்வளவுதான். மோட்டருக்குத் தனி லைன் இழுக்க வயர்மன் ஒருவரைப் பிடிக்கும்படியும் சொன்னேன். மோட்டரை மூன்று தரம் போட்டுப் பார்த்தோம். யூ.பி.எஸ் மூன்று தரமும் “டிக்” என்றது. ரவுட்டர் அசையவில்லை.

5. படிக்கட்டு

மிச்சம் இருந்தது நிர்மலாவுக்குச் சொல்வது. அதைத் தர்சினியிடம் விடக்கூடாது என்று நினைத்தேன். அவர் வீட்டு வாசலில் நின்றே கோல் எடுத்தேன்.

“மேடம், ரண்டரைக் கிழமைக்கு முதல் நான் கன்ஃபார்ம் எண்டு சொன்னது பிழை. எனக்குக் காரணம் தெரிஞ்சிருக்கேல்லை. அறுகிறது நிண்டதைப் பாத்துப்போட்டுச் சரி எண்டு சொன்னனான். அது என்ரை பிழை, தர்சினியின்ரை இல்லை.”

“இப்ப காரணம் தெரியுமா?” குரலில் சூடில்லை, நம்பிக்கையும் இல்லை.

“தெரியும். கிணத்து மோட்டர்.”

“கிணத்து மோட்டரா? அதுக்கும் எங்க ட்ரோயிங்குக்கும் என்ன சம்பந்தம்?”

சொன்னேன். நாட்காட்டி, நான்கு நாள், விடுமுறையில் மறைந்த சனி ஞாயிறு, வற்றும் கிணறு எல்லாம். பாதியில் அவர் குறுக்கே கேட்கத் தொடங்கினார். தண்ணீர் ஊற எவ்வளவு நேரம்? வெங்காயத்துக்கு ஏன் நாலு நாள்? பிறகு தன் கொம்பியூட்டரில் இருந்த இணைப்புப் பதிவைத் திறந்து பார்த்தார் போலும். கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது.

“ஓமா... இதுக்கு முந்தின மாசமும் நாலு நாள் கணக்குதான் வருது” என்றார். பிறகு, “சரி. அடுத்த தண்ணி செவ்வாய்க்கிழமை தானே? அன்னைக்கு நான் தர்சினி மேசைக்கு முன்னால உட்கார்ந்து பார்க்கிறேன். அவங்க அப்பாவை அஞ்சு தடவை மோட்டர் போடச் சொல்லுங்க.”

செவ்வாய்க்கிழமையும் போனேன். அழைப்பே வராவிட்டாலும் போயிருப்பேன். தர்சினி போனை மேசையில் நிறுத்தி, ஸ்பீக்கரில் நிர்மலாவைப் போட்டார். ஒரு மாடிப்படியை மேலிருந்து பார்க்கும் படத்தைத் திறந்தார். மொத்தம் பதினேழு படி.

“மோட்டர் போடேக்கை சத்தம் போட்டுச் சொல்லுங்கோப்பா!”

தோட்டத்திலிருந்து “போடுறன்!” என்று வந்தது. டிக். தர்சினி இழுத்த கோடு நிற்காமல் போய் முடிந்தது.

“இங்க கோடு வந்திட்டுது” என்றார் நிர்மலா.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. பன்னிரண்டு படி முடிந்துவிட்டது. ஐந்தாவதற்குக் காத்திருந்தோம். சத்தமில்லை. நான் வெளியே போய்ப் பார்த்தேன். சிவபாதம் அண்ணை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணி காணாது தங்கச்சி. ஊறவேணும். அந்த அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்.”

உள்ளே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொழும்பில் அவருக்கு எத்தனையோ வேலை இருக்கும்.

“பரவாயில்ல, நான் இருக்கிறேன்” என்றார் நிர்மலா. “அஞ்சாவதையும் பார்க்கணும்.”

இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தார். வெங்காயம் பிடுங்க எவ்வளவு நாள், கிணறு எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். தர்சினி படியை வரைந்துகொண்டே பதில் சொன்னார். கடைசியில் “போடுறன்!” என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தது. டிக். பதினேழாவது படி விழுந்தது.

“தர்சினி,” என்றார் நிர்மலா, “நான் உங்களைத் தப்பா நினைச்சேன். அதைச் சொல்லத்தான் வேணும். ட்ரையல் முடிஞ்சுது. நீங்க அங்கயே இருந்து செய்யுங்க. லெட்டர் அனுப்புறேன். அந்தப் படிக்கு கைபிடி போட மறந்திட்டீங்க.”

தர்சினி “ஓம் மேடம்” என்றார். கோலை வைத்ததும் மௌசை எடுத்துக் கைபிடி வரைந்தார்.

6. வேலைச் சீட்டில் எழுதுவது

அதற்குப் பிறகு என்னுடைய வேலைச் சீட்டில் ஒரு மாற்றம் செய்தேன். முன்பு “சரி செய்யப்பட்டது” என்று ஒரு கட்டம்தான் இருந்தது. இப்போது அதற்குக் கீழே “காரணம்” என்று இன்னொரு கட்டம். அதை நிரப்ப முடியாவிட்டால் மேலேயுள்ள கட்டத்தில் நான் கையெழுத்து வைப்பதில்லை. ஒரு பிழை நின்றுவிட்டது என்பதும், அதை நான் நிறுத்தினேன் என்பதும் இரண்டு வேறு விசயம். இதை அறிய எனக்கு இருபத்திரண்டு வருடமும் ஒரு வெங்காயத் தோட்டமும் தேவைப்பட்டன.

போன மாதம் வட்டுக்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். வெளிநாட்டிலுள்ள மகள் அவருடைய கொம்பியூட்டருக்குள் ரிமோட்டில் வந்து கடிதங்கள் எழுத உதவுவாராம். அடிக்கடி அறுகிறது என்றார். நான் போய் இரண்டு மணித்தியாலம் இருந்தும் அறவில்லை. எல்லாம் பார்த்துவிட்டுச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “காரணம் தெரியவில்லை.” திரும்பவும் வாசித்தார்.

“தெரியாதெண்டு எழுதித் தாற ஆளை இப்பதான் பாக்கிறன், பிள்ளை.”

“இப்ப தெரியாது மாஸ்டர். அறுகிற நாளையும் மணியையும் ஒரு கொப்பியிலை எழுதுங்கோ. அந்த நேரம் வீட்டிலை வேறை என்ன நடந்தது எண்டதையும் எழுதுங்கோ. பத்து நாள் கழிச்சு வாறன்.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து புதுக் கொப்பி ஒன்றை எடுத்தார். அடிமட்டம் வைத்து ஓரத்தில் கோடு இழுத்தார். திகதியை எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இண்டைக்கு அறேல்லையே. அதையும் எழுதவேணுமோ?”

“ஓம் மாஸ்டர். முதலிலை அதைத்தான் எழுதவேணும்.”